காயாத சிவப்பு

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு. அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இரண்டு தாலுகாக்களின் சரித்திரத்திலும் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியதும், பொன்னெழுத்து கிடைக்காததால் இதுவரை பொறிக்கப்படாமல் கிடப்பதுமான மாபெரும் நிகழ்ச்சி, சென்ற பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, இரவு மணி பதினொன்று நாற்பதுக்கு, திருச்சுழி சாலையில் நடந்தேறியது. நீலமாக இருந்த ஒரு டர்ட் பைக்கின் மட்கார்டு, சிவப்பாக வெளியே வந்தது.

அவ்வளவுதான்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். கரண்டு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். தறி எல்லாம் நின்றுவிட்டது… தெருவே காது அடைத்த மாதிரி கிடக்கிறது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஓரத்தில் இருப்பவர் அந்த செல்போன் லைட்டை அணைத்துவிடலாம், கொசு வருகிறது.

இதைச் சொன்னது பெயிண்டர் ரூபனின் மச்சினன் மாதவன். ரூபன் பொய் சொல்ல மாட்டான். மாதவன் சொல்லுவான், ஆனால் இவ்வளவு கோவையாகச் சொல்ல அவனுக்கு வராது. அதனால் நம்பலாம்.

கதை ஜெகதீஸ்வரனுடையது. கருவக்குளத்துக்காரன். அருப்புக்கோட்டையில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, மூன்றுக்கும் அவன்தான். இறந்தவர்களுக்கென்று கம்ப்யூட்டரில் தனியாக ஒரு வாசகக் கிடங்கே வைத்திருந்தான். ‘இமயமே சாய்ந்தாயோ’ என்பது அதில் முதல் வாசகம். கருவக்குளத்தில் ஆட்டுப் புழுக்கையைத் தவிர மேடு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் மாதம் ஒருமுறை அங்கே இமயம் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஊருக்கே பட்டம் கொடுத்த ஜெகதீஸ்வரனுக்கு ஒரே ஒரு ஆளைக் கண்டால் மட்டும் வயிறு காந்தும். பெரியப்பா மகன் கருத்தப்பாண்டி. நான்கே மாதம் மூத்தவன். அந்த நான்கு மாதத்துக்காக முப்பத்துநாலு வருஷம் ‘அண்ணே’ போட வேண்டியிருந்தது. கருத்தப்பாண்டி கரி லோடு ஏற்றுகிற லாரி ஓட்டினான். லாரியின் பின்கதவு விழுந்து வலது கையில் மோதிர விரல் போனது. அதற்கும் ஊர் அவனைத்தான் பாராட்டியது. விரல் போயும் அழவில்லையாம். எப்போதும் சட்டைப் பையில் ஒரு பிடி மல்லி விதை இருக்கும். சிகரெட் வாடை அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அதை மென்றுகொண்டே இருப்பான். நொறுக்… நொறுக். பாடுபட்டுப் பேர் வாங்கினவன் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா நின்று மல்லி மென்றாலே பேர் வருகிறவனை என்ன செய்வது?

அப்படிப்பட்டவன் ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து மேடு பள்ளமெல்லாம் பாய்கிற ஒரு டர்ட் பைக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். செகண்ட் ஹேண்டுதான். மயில் கழுத்து நீலம். ஒட்டகம் மாதிரி உயரம். முன் மட்கார்டு டயருக்கு ஒரு முழம் மேலே, கொக்கு மூக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது.

டீக்கடை செல்லப்பாண்டி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“எவ்வளவு கொடுக்கும்?”

“லிட்டருக்கு முப்பத்திரண்டு.”

“அப்புறம் எதுக்குலே இம்புட்டு ஒசரம்?”

கேட்டார்களே தவிர, அந்த வருஷம் ஊர்க் கோயிலின் பங்குனிப் பொங்கலுக்கு, வறண்டு கிடந்த கண்மாய்க்குள் அவன் அதை ஓட்டி, ஓடைக்கரையில் ஏறி, இரண்டு சக்கரமும் தரையில் இல்லாமல் ஒரு கணம் ஆகாயத்தில் நின்றபோது, ஊரே வாயைப் பிளந்தது. ஜெகதீஸ்வரனின் மனைவி கனகலட்சுமியும் பிளந்தாள். அதை ஜெகதீஸ்வரன் பார்த்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை.

ஆவணியில் கருத்தப்பாண்டி செத்துப்போனான். வண்டியிலிருந்து விழுந்து அல்ல, மஞ்சள்காமாலை. பதினோரு நாள். அழுதவர்களில் ஜெகதீஸ்வரனும் உண்டு, உண்மையாகத்தான் அழுதான். பொறாமைப்பட ஆள் இல்லாமல் போவதும் ஒரு இழப்புதானே.

பேனர் அவன் பொறுப்பு. கருத்தப்பாண்டியின் அம்மா ஒச்சம்மாள் ஒரு போட்டோ கொடுத்துவிட்டிருந்தாள். கண்மாய்க்குள் வண்டி மேல் உட்கார்ந்து, இரண்டு கையும் ஹேண்டில்பாரைப் பிடித்து, சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோ. ஜெகதீஸ்வரன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பெரிதாக்கினான். கண்மாயை வெட்டி எடுத்தான். பின்னால் மேகம் வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்…

பிறகு வண்டியையும் வெட்டி எடுத்துவிட்டான்.

செத்த பிறகுமா இவனுக்கு வண்டி? அவ்வளவுதான் நினைத்தான். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற கருவக்குளம் விலக்கில் பத்தடிக்கு எட்டடியில் பேனர் ஏறியது. ‘இளஞ்சிங்கமே, இமயமே.’ நடுவில் கருத்தப்பாண்டி. மேகத்தின் மேல், இல்லாத ஒன்றின் மேல் கால் அகட்டி உட்கார்ந்து, இல்லாத ஒன்றை ஒன்பது விரலால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். கீழே வரிசையாகத் துயரில் பங்குகொண்டோர் இருபது பேர். முதலில் ஜெகதீஸ்வரன், கூலிங்கிளாஸோடு.

ஒச்சம்மாளுக்குக் கண்ணில் புரை. முகம் தெரியாது; நிறம் மட்டும் தெரியும். பேனருக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தாள்.

“ஏய்யா ஜெகதீசு, இதுல நீலத்தையே காணோமே. வண்டி எங்க?”

“சாமிகிட்டப் போறவுகளுக்கு வண்டி எதுக்குப் பெரியம்மா?”

“அதுவுஞ் சரித்தான்” என்றாள்.

காரியம் முடிந்த பதினாறாம் நாள் அவளே சாவியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

“மழையில கெடந்து நனையுது. ஓட்ட ஆளில்ல. நீயே வச்சுக்கய்யா. ஒண்ணே ஒண்ணு… நெறத்த மட்டும் மாத்திராத. தூரத்துல அந்த நீலம் வந்தா, அவன்தான் வாரான்னு ஒரு நிமிசம் நெனச்சுக்கிருவேன்.”

“மாத்த மாட்டேன் பெரியம்மா” என்றான். சாவி கையில் இருக்கும்போது எதைத்தான் சொல்ல மாட்டான்?

வண்டி வந்தது. சந்தோஷம் வரவில்லை.

டவுனிலிருந்து திரும்பி வரும்போது பிள்ளைகள் கத்தும்: “கருத்தப்பாண்டி அண்ணே வண்டிடோய்…” பெட்ரோல் பங்கில் கேட்பார்கள்: “கருத்தப்பாண்டி வண்டிதானே இது?” கருத்தப்பாண்டி சோறு போட்ட நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடி வரும், கிட்ட வந்து மோந்து பார்த்துவிட்டு, ஏமாற்றி விட்டாயே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துத் திரும்பும். ஒச்சம்மாள் வாசலில் எழுந்து நிற்பாள். முகம் மலரும். இன்ஜின் நின்று, இவன் “பெரியம்மா” என்றதும்… அணைந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஒரு முகம் தன்னைப் பார்த்து அணைவதை எவ்வளவு நாள்தான் பார்ப்பது?

ஒருநாள் கனகலட்சுமி வேறு, தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, உங்க அண்ணே ஓட்டுறப்ப அந்த வண்டி இன்னும் கொஞ்சம் ஒசரமாத் தெரியும்ல?”

அன்றைக்கு முடிவு செய்தான். வருகிற பங்குனிப் பொங்கலன்று இந்த வண்டியைப் பார்த்து ஊரில் ஒருத்தனாவது ‘ஜெகதீஸ்வரன் வண்டி’ என்று சொல்ல வேண்டும். ஒரே ஒருத்தன் போதும். அதற்கு நீலம் ஒழிய வேண்டும்.

ரூபனின் பெயிண்டிங் ஷெட் டவுனைத் தாண்டி, திருச்சுழி சாலையில், தறிக் கொட்டகைகளுக்கு அடுத்து இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டி அங்கே போனது. ரூபன் பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்றினான். முன் மட்கார்டு, ஹெட்லைட் மூடி, டேங்குக்கு இரண்டு பக்கமும் வருகிற காது, சைடு பேனல், பின் மட்கார்டு. கழற்றிய பிறகு பார்த்தால் வண்டி வெறும் எலும்பு.

சோப்புத் தூள் போட்டுக் கழுவினான். தண்ணீர் விட்டு எமரித் தாளால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க நீலமாகவே வடிந்தது.

“அண்ணே, இது மேல அடிச்ச நீலம் இல்ல. பிளாஸ்டிக்கே நீலம். உள்ள வரைக்கும் நீலந்தான். எங்க கீறல் விழுந்தாலும் எட்டிப் பாக்கும்.”

“பாத்தாப் பாக்கட்டும். மேல செவப்பு இருக்கணும்.”

“பிளாஸ்டிக்குக்கும் பெயிண்டுக்கும் ஆகாதுண்ணே. பங்காளி மாதிரி. பக்கத்துல இருக்கும், ஒட்டாது. நடுவுல பிரைமர் விட்டுத்தான் ரெண்டையும் சேத்து வைக்கணும். அடிச்சிட்டு மூணு நாளு காய விடணும்.”

“செவ்வாக்கெழம பொங்கல். எனக்குத் திங்க ராத்திரி வேணும்.”

ரூபன் தின்னர் தொட்டுத் துடைத்தான். பிரைமர் அடித்தான். தூசி எழும்பாமல் இருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு, கழற்றின பாகங்களைக் கம்பியில் தொங்கவிட்டு, சிவப்பு இரண்டு கோட்டு. அதற்கு மேல் பளபளப்புக்குக் கிளியர். திங்கட்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஈரம் மாறாமலே எல்லாவற்றையும் திருப்பி மாட்டினான். விளம்பரத்துக்கு நிறுத்தின மாதிரி மின்னியது. குங்குமச் சிவப்பு. ஜெகதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தின்னர் நெடி என்று சொல்லிக்கொண்டான்.

“அண்ணே, கையி படக் கூடாது. தொட்டா ரேகை விழுந்திரும். முட்டிய அகட்டி வச்சு மெதுவாப் போங்க. பின்னாடி மட்டும் யாரையும் ஏத்தீராதீக.”

“இந்நேரத்துல எவன்டா ஏறப் போறான்?”

மணி பதினொன்று நாற்பது.

திருச்சுழி சாலை. உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று. கடைசி பஸ் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. கொஞ்ச தூரம் வரை தறிச் சத்தம் கூடவே வந்தது… டக்கடி, டக்கடி. அப்புறம் அதுவும் விட்டது. இரண்டு பக்கமும் கருவ மரம். எங்கோ கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அந்த நெடியும், காயாத பெயிண்டின் இனிப்பு நெடியும் மூக்கில் மாறி மாறி. காற்றில்லை. ஜெகதீஸ்வரன் முட்டியை அகட்டி வைத்துக்கொண்டு, முட்டை மேல் உட்கார்ந்தவன் மாதிரி ஓட்டினான். காலையில் செல்லப்பாண்டி முகம் எப்படி மாறும், கனகலட்சுமி என்ன சொல்லுவாள் என்றெல்லாம் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

விலக்கு வந்தது. திருப்பினான். ஹெட்லைட் வெளிச்சம் பேனர் மேல் விழுந்தது.

‘இளஞ்சிங்கமே, இமயமே’ இருந்தது. பூ பார்டர் இருந்தது. துயரில் பங்குகொண்டோர் இருபது பேரும் இருந்தார்கள், கூலிங்கிளாஸ் உட்பட.

நடுவில் மேகம் மட்டும் இருந்தது.

ஜெகதீஸ்வரன் தொழில்காரன். பயப்படுவதற்கு முன்னால் அவனுக்குத் தொழில்தான் ஞாபகம் வந்தது. ஏழு மாத வெயில், இங்க் மட்டமான இங்க், வெளுத்திருக்கும். அப்படித்தான் நினைத்தான். ஆனால் இங்க் வெளுத்தால் மேகமும் அல்லவா வெளுக்க வேண்டும்… மேகம் புத்தம்புதிதாக இருந்தது.

கியரை மாற்றினான்.

வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. மெதுவாக. ஒரு ஆள், பெயிண்டில் கை படாமல் பார்த்து ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ, அப்படி. ஷாக் அப்சார்பர் ‘ப்ஸ்ஸ்’ என்றது. ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டு ஒரு சாண் மேலே தூக்கிக்கொண்டது.

ஜெகதீஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கழுத்தே திரும்பாது.

தின்னர் நெடி போய்விட்டது. வேறொரு வாசனை… பச்சையாக, இனிப்பாக.

வலது காதுக்கு நாலு விரல் பின்னால்…

நொறுக்.

கொஞ்சம் விட்டு இன்னொன்று. நொறுக்.

விலக்கிலிருந்து ஊர் இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரையும் அவன் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ரூபனிடம் பிறகு சொன்னது இவ்வளவுதான்: மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம், இவன் கை திருப்புவதற்கு முன்பே வண்டி சாய்ந்து கொடுத்ததாம். பின்னால் இருப்பவனுக்குப் பாதை நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த நேரத்திலும் ஜெகதீஸ்வரனுக்கு ஒன்று தோன்றியதாம்: பாவி, பின்னால் உட்கார்ந்துகொண்டுகூட என்னைவிட நன்றாக ஓட்டுகிறான்.

ஊருக்குள் நாய்கள் குரைக்கவில்லை. எழுந்து வந்தன. வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. கிட்டே வந்தும் வாலை நிறுத்தவில்லை.

ஒச்சம்மாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். இருட்டில் அவளுக்குச் சிவப்பும் தெரியாது, நீலமும் தெரியாது.

“யாரு, ஜெகதீசா?”

அவன் ஹேண்டில்பாரை விடவில்லை.

“அவன எறங்கச் சொல்லுய்யா. சோத்துல தண்ணி ஊத்தல, அப்பிடியே இருக்கு.”

பின்பக்கம் மேலே எழும்பியது. ‘ப்ஸ்ஸ்.’

ஜெகதீஸ்வரன் வீடு போய்ச் சேர்ந்து, வண்டியைத் தொழுவத்தில் விட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் போர்வைக்குள் போய்விட்டான். பங்குனிப் புழுக்கத்தில் போர்வை.

விடிந்தது. மேளம் கேட்டது. வெளிச்சம் வந்துவிட்டால் ஜெகதீஸ்வரனும் ஜெகதீஸ்வரன்தான். ராத்திரி தின்னர் நெடி தலைக்கு ஏறியிருக்கும் என்று தீர்மானித்து, தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வண்டியை உருட்டிக்கொண்டு போய் இருளப்பசாமி கோயிலுக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நிறுத்தினான். நிறுத்திவிட்டு, தற்செயலாக அங்கே நிற்கிறவன் மாதிரி நின்றான்.

செல்லப்பாண்டி வந்தார். சுற்றி வந்தார். ஜெகதீஸ்வரன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

“ஏலே ஜெகதீசு, கருத்தப்பாண்டி வண்டிக்குச் செவப்பா அடிச்சிருக்க? நல்லாத்தான் இருக்கு.” பிறகு குனிந்தார். “இதென்னலே, அதுக்குள்ள எவனோ கைய வச்சுட்டான்.”

பின் மட்கார்டில், சீட்டுக்குக் கீழே, இரண்டு பக்கமும் விரல் தடம். பின்னால் உட்கார்ந்தவன் இறுகப் பிடித்த தடம். இடது பக்கம் ஐந்து. வலது பக்கம்… நான்கு. நான்குக்கு நடுவே ஒரு இடைவெளி. இடைவெளியில் மழுங்கலாக ஒரு சின்னப் புள்ளி. நகம் பட்ட இடத்திலெல்லாம் நீலம் எட்டிப் பார்த்தது.

ஒச்சம்மாள் பொங்கல் பானையோடு அந்தப் பக்கமாக வந்தாள். சிவப்பு நிறத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இது யாரு வண்டி?” என்றாள்.

ஏழு மாதமாக எந்தக் கேள்விக்காக ஜெகதீஸ்வரன் காத்துக்கொண்டிருந்தானோ, அந்தக் கேள்வி. அவனால் வாயைத் திறக்க முடியவில்லை.

மதியம் நடந்தே விலக்குக்குப் போனான். வண்டியை எடுக்கவில்லை. பேனரில் கருத்தப்பாண்டி இருந்தான். கால் அகட்டி, மேகத்தின் மேல், அதே சிரிப்பு. இல்லாததை இறுகப் பிடித்த அதே கை. ஒன்று மட்டும் புதிது. விரல் நுனியெல்லாம் சிவப்பு. மெஜந்தா இங்க் இறங்கியிருக்கும் என்று அவனுக்குள் இருந்த தொழில்காரன் சொன்னான். கிட்டே போய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

ஒட்டியது.

மறுநாள் வண்டி ரூபனிடம் போனது. தடத்தைப் பார்த்ததும் ரூபனுக்குக் கோபம்தான் வந்தது.

“பின்னாடி ஆள ஏத்தாதீகன்னு சொன்னேனா இல்லையா?”

“யாரையும் ஏத்தலப்பா.”

“கிளியர் பொய் சொல்லாதுண்ணே. காயிற வரைக்கும் எவன் தொட்டாலும் காட்டிக் குடுத்துரும்.” எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். கிளியருக்குள் ஏதோ ஒட்டியிருந்தது, ஈ விழுந்த மாதிரி. நகத்தால் பெயர்த்து எடுத்தான். பாதி கடித்த மல்லி விதை.

ரூபன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வேலையைப் பார்த்தான். தேய்த்து, மறுபடி சிவப்பு, மறுபடி கிளியர். இந்தத் தடவை முழுசாக மூன்று நாள், ஷெட்டுக்குள் பூட்டி வைத்துக் காயவிட்டான். கல் மாதிரி காய்ந்தது. பகலிலேயே எடுத்துப் போங்கள் என்றான். பகலில்தான் எடுத்துப் போனான். விலக்கு தாண்டினான். வீட்டில் இறங்கிப் பார்த்தான்.

காய்ந்த கிளியரில் ரேகை விழாது. விழுந்திருந்தது. ஒன்பது.

அதற்குப் பிறகு ஜெகதீஸ்வரன் சண்டை போடவில்லை. சிவப்பை முழுக்கத் தேய்த்து எடுக்கச் சொன்னான். பழைய பளபளப்பு வரவில்லை; சாம்பல் பூத்த மாதிரி ஊமை நீலம். வந்த வரை போதும் என்றான். கடைக்குப் போய் அந்த போட்டோவைத் திறந்து, வெட்டின வண்டியைத் திருப்பி வைத்து, புதிதாக ஒரு பேனர் அடித்தான். இங்க்கை நல்லதாகவே போட்டான். இமயத்தை எடுத்துவிட்டான். வெறும் பெயர் மட்டும். தானே ஏணி போட்டு ஏறிக் கட்டினான். பழைய பேனரை ஒச்சம்மாள் கேட்டு வாங்கி ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டாள். ஆடுகள் அதற்குக் கீழே நன்றாகத்தான் தூங்குகின்றன.

இப்போது தினமும் அந்த வண்டியில்தான் போய்வருகிறான். நீங்களும் பார்த்திருக்கலாம். முன்னால் தள்ளி, டேங்கோடு ஒட்டி உட்கார்ந்திருப்பான். பின்னால் சீட்டு காலியாக இருக்கும். கனகலட்சுமி அதில் ஏறுவதில்லை. ஒருதடவை கூப்பிட்டதற்கு, “எங்க உக்கார? எடமா இருக்கு?” என்று கேட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய்விட்டாள். அவளிடம் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

இருட்டுவதற்குள் கடை அடைத்து வரும்போது ஒச்சம்மாள் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்துவான். தூரத்தில் நீலம் தெரிந்தால் எழுந்து நிற்பாள். முகம் மலரும். இவன் “பெரியம்மா” என்ற பிறகும் அணைவதில்லை. இரண்டு இலை போடுவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. பெரிய துண்டு எப்போதும் அடுத்த இலைக்குத்தான் போகும். அதைப் பார்க்கும்போது ஜெகதீஸ்வரனுக்கு இன்னும் வயிறு காந்தத்தான் செய்கிறது. பயம் பழகிவிட்டது, அது பழகவில்லை.

போன வாரம் டீக்கடையில் செல்லப்பாண்டி கேட்டிருக்கிறார், இன்னும் முப்பத்திரண்டு கொடுக்கிறதா என்று. ஜெகதீஸ்வரன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னானாம். பிளக் மாற்றியாகிவிட்டது, கார்ப்பரேட்டர் பார்த்தாகிவிட்டது, ஒரு கோளாறும் இல்லை. தனி ஆளாகப் போனால் முப்பத்திரண்டு கொடுக்கிற வண்டி. தனியாகத்தான் போகிறான்.

இருபத்தாறு கொடுக்கிறது.